பதினோராவது வாழ்த்துப்பா

விழா மேடைக்குப் பக்கத்தில் நின்று நின்றே எனக்கு முழங்கால் போய்விட்டது. மலாயாவில், கிள்ளான் ஊரில் நெடுங்காலம் வாத்தியார் வேலை பார்த்தேன். பாடம் நடத்திய களைப்பெல்லாம் பள்ளி விடுமுறையில் தீர்ந்துவிடும். வருஷக் கடைசியில் வரும் சான்றிதழ் விழாவின் களைப்பு மட்டும் அடுத்த விழா வரும்வரை உடம்பைவிட்டுப் போகாது. மாலைக்குச் சொல்ல வேண்டும், சோடாவுக்குச் சொல்ல வேண்டும், முன்வரிசையில் யார் பக்கத்தில் யாரை உட்கார வைக்கக் கூடாது என்று யோசிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, "ஏற்பாடு அவ்வளவு சரியில்லையே வாத்தியாரே" என்று யாராவது ஒருவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்.

சிரிக்க ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு வருஷம், மேடை ஏறக் கூச்சப்பட்ட மகளைக் கீழே உட்கார வைத்துவிட்டு அப்பாவே ஏறிவந்து சான்றிதழை வாங்கிக்கொண்டார். வாங்கியதோடு விடாமல், தானே படித்துத் தேறியவர் போல நாலு வார்த்தை பேசவும் செய்தார். இன்னொரு வருஷம், சிறப்பு விருந்தினராக வந்த ஜவுளிக்கடை முதலாளி தன்னைப் பற்றிய புகழுரையைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார். கைதட்டலில் திடுக்கிட்டு விழித்தவர், தன் கழுத்து மாலையைக் கழற்றிப் பக்கத்தில் தட்டோடு நின்ற சோடாக்காரருக்குப் போட்டுவிட்டார். சோடாக்காரர் அந்த மாலையை ஒரு வாரம் கடையில் மாட்டி வைத்திருந்தார்.

என் விழாக்களில் ஒரு விதி உண்டு. சான்றிதழ் முதலில், பேச்சு பிறகு. கடவுள் வாழ்த்து முடிந்ததும், விருந்தினர் கழுத்து மாலையின் ஈரம் காய்வதற்குள், எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிடுவேன். இதனால் வந்த வம்பு கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளைகள் கைக்குத் தாள் வந்ததும் பெற்றவர்கள் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும். இந்த வாத்தியாருக்குச் சபை மரியாதை தெரியாது என்று என் காதுபடவே பேசினார்கள். காரணம் கேட்டவர்களிடமெல்லாம் ஏதோ சொல்லி மழுப்பினேன். உண்மைக் காரணத்தை இப்போது எழுதுகிறேன். எழுதினால் கொஞ்சம் பாரம் இறங்குமா என்று பார்க்கிறேன்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. லங்காட் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தோட்டத்துப் பள்ளியில் நான் ஒற்றை வாத்தியார். நாற்பது பிள்ளைகள், அத்தாப்பு ஓலைக் கூரை, ஒரு கரும்பலகை. பள்ளியை ஒட்டினாற்போல் ஓர் அறையும் அடுப்படியும் எங்களுக்கு. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் மனைவி தோட்டத்து ஆட்களின் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அவள் வளர்ந்த தோட்டத்தில் பள்ளிக்கூடமே கிடையாது, அதனால் எழுத்து தெரியாது.

வந்த புதிதில், சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு ஊதிக்கொண்டே, பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டு வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் வேலை முடிந்ததும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"நான் பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கேன். நீங்க உங்க வேலையப் பாருங்க," என்றாள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். அவளுடைய அக்காளையும் அக்காள் புருஷனையும் அந்த வருஷம்தான் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு கடுதாசி வரும். அதை நான் படித்துச் சொல்வேன். "எங்க அக்கா எழுதுறத அடுத்தவங்க வாயால கேக்கக் கூடாதுங்க. நானே பிரிச்சு நானே படிக்கணும்," என்பாள். அடுத்தவன் என்றது என்னைத்தான். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது, ஆனால் அவள் சொன்னது நியாயம். ஒரு வருஷத்தில் முதல் புத்தகத்தை முடித்தாள். இரண்டாம் புத்தகத்தில் எட்டுப் பத்துப் பாடம் போயிருந்தாள். கிள்ளானுக்குக் கூட்டிப்போனால் ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பாள். நான் இழுக்காத குறையாக அழைத்துப்போக வேண்டும்.

அந்தப் பெஞ்சுக்குத்தான் ஆபத்து வந்தது. பயிற்சி பெற்ற வாத்தியார் இருக்கும் பள்ளிக்குத்தான் அரசாங்கம் உதவி தரும் என்று தோட்டத்துரைக்குத் தெரிந்துவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. மூன்று வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் கிள்ளானில் நடந்த வாத்தியார் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தேன். சம்பான் படகில் ஆற்றைத் தாண்டி, முழங்கால் சேற்றில் ஏறி, பஸ் பிடித்துப் போக வேண்டும். நீர் வற்றிய நேரத்தில் சம்பான் கரைக்கு வராது, சேற்றில் நான்தான் அதனிடம் போக வேண்டும். இப்படிப் போய் ஒருவழியாகப் பரீட்சையிலும் தேறிவிட்டேன். தேறிய செய்தி வந்ததும் துரையிடம் போய்ச் சொன்னேன். தோட்டத்து ஆட்களிடம் கற்றுக்கொண்ட தமிழில்தான் அவர் பேசுவார்.

"பாஸ் பண்ணினா காயிதம் எங்கே?"

"கோலாலம்பூர்ல விழா வச்சுக் குடுக்கிறாங்க தொரை. அடுத்த மாசக் கடைசிச் சனிக்கிழமை."

"நான் அதுக்கடுத்த செவ்வாக்கிழமை சீமைக்குக் கப்பல் ஏறுறேன். திங்கக்கிழமை காலையில காயிதம் கொண்டா. பந்திங் வாத்தியாரும் ஸ்கூல் கேட்டிருக்கான். உன்கிட்டே காயிதம் இல்லே, ஸ்கூல் இல்லே. நீ ஸ்டோருக்குப் போ, ரப்பர் பால் நிறு."

பந்திங் வாத்தியார் என்னோடு அதே பயிற்சி வகுப்பில் படித்தவர். பந்திங்கில் அவருடைய பள்ளியை விலைவீழ்ச்சியில் மூடிவிட்டார்கள். மூன்று பிள்ளைகளோடு யார் வீட்டிலோ ஒண்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். பள்ளி போனால் அறையும் போகும், பெஞ்சும் போகும் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "விழாவுக்கு நானும் வரேன்," என்றாள்.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்களுடைய எந்த விழாவும் வாழ்த்துப்பா இல்லாமல் நடக்காது. வருகிற பெரிய மனிதரைப் புகழ்ந்து பாட்டுக்கட்டி, ரோஸ் தாளில் தங்கக் கரை போட்டு அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, சபையில் நின்று ராகத்தோடு படித்து, அவர் கையில் கொடுப்போம். சான்றிதழ் கொடுக்க வரப்போகிறவர் கல்வி இலாகாவின் பெரிய வெள்ளைக்கார அதிகாரி, தமிழ்ப் பரீட்சை எழுதியவர் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் பாட்டுக்கட்டும் சபலம் உண்டு. ஒரு மாதம் மூளையைக் கசக்கி எட்டுப் பாட்டு எழுதினேன். கிள்ளானில் அச்சடித்துச் சட்டம் போட்டு வாங்கிவந்தேன். மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு, முதல் வரியை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். பாடப் புத்தகத்துக்கு வெளியே அவள் யார் உதவியும் இல்லாமல் படித்த முதல் முழுவரி என் பாட்டின் வரி. அந்த மிதப்பு எனக்கு நாலு நாள் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இத அங்க படிக்கணுமா? சர்ட்டிபிகேட்ட வாங்கிக்கிட்டு வந்துருவோமே," என்றாள்.

"ஒரு மரியாதைக்குத்தான்," என்றேன்.

சனிக்கிழமை விடிவதற்குள் கிளம்பினோம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசரிடம் இரவல் வாங்கிய கோட்டு என் மேல். அதில் அடித்த மருந்து வாடைக்கு ரயிலில் எங்கள் பக்கத்துப் பெஞ்சு காலியாகவே வந்தது. அவள் கல்யாணப் புடவையை உடுத்தி, புளிச்சோற்றுத் தூக்கை வைத்திருந்தாள். சட்டத்தைப் பழுப்புத்தாளில் சுற்றி நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீடுகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய மண்டபத்தில்தான் விழா. ரயில் ஊதுவது உள்ளே கேட்கும். அதிகாரி விழா முடிந்ததும் வடக்கே போகும் மெயிலைப் பிடிக்க வேண்டும் என்று இலாகா கிளார்க் முதலிலேயே எச்சரித்திருந்தார்.

சான்றிதழ் வாங்க வேண்டியவர்கள் பதினோரு பேர். வருஷம் தவறாமல் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அதட்டிப் பழகியவர்கள். தாங்களே வரிசையில் உட்கார நேர்ந்ததும் ஒருவருக்கும் உட்காரத் தெரியவில்லை. ஒருவர் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார். ஒருவர் சத்தம் போடாதீர்கள் என்று சத்தம் போட்டார். அதிகாரி வந்தார். பருத்த உடம்பு, வெயிலில் சிவந்த முகம். சந்தனம், பன்னீர், மாலை எல்லாம் முடிந்தன. வரவேற்புரையை ஒருவர் அரைமணி நேரம் ஆற்றினார்.

நிகழ்ச்சி நிரலில் இருந்த வாழ்த்துப்பா ஒன்றுதான். எங்களில் மூத்தவர் அதைப் படித்து, சட்டத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். கிளார்க் சான்றிதழ்க் கட்டின் நாடாவை அவிழ்க்கப் போனார். அப்போது இரண்டாமவர் எழுந்தார். அவர் கையில் பழுப்புத்தாளில் சுற்றிய ஒரு சதுரம் இருந்தது. நான் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். எல்லார் மடியிலும் ஒரு பழுப்புத்தாள் சதுரம்! மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தூக்கில் சோறு தின்றவர்கள், இதை மட்டும் ஒருவருக்கொருவர் மூச்சுவிடவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் மடியிலும் ஒன்று இருப்பது நினைவுக்கு வரச் சற்று நேரமானது.

ஒருவர் எழுந்தால் மற்றவர் சும்மா இருக்க முடியுமா? நாளைக்கு நம் பள்ளிக்குத்தானே அவர் வந்து குறை எழுதுவார்! ஒவ்வொருவராக எழுந்தோம். அதிகாரி ஒரு பாட்டில் சூரியன் ஆனார், அடுத்ததில் சந்திரன், அதற்கடுத்ததில் கார்மேகம். நாலாவது பாட்டில் அவர் நடை யானையின் நடை. அவருக்குத் தெரிந்த தமிழில் யானையும் இருந்திருக்கிறது. "யானை?" என்று கிளார்க்கைக் கேட்டுத் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஏழாமவர் சிக்கனக்காரர். முந்தைய அதிகாரி ஓய்வுபெற்றபோது கொடுப்பதற்காக அடித்து, கொடுக்காமல் வைத்திருந்த சட்டத்தையே கொண்டுவந்திருந்தார். பழைய பெயரின் மேல் புதுப் பெயரை எழுதி ஒட்டியிருந்தார். புழுக்கத்தில் பசை இளகி அந்தச் சீட்டு அதிகாரியின் மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பெரிய மனதோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பந்திங் வாத்தியார் பத்தாவது ஆள். பாவம், மூன்றே பாட்டு, அதையும் தாளைவிட்டுக் கண் எடுக்காமல் படித்தார்.

பதினோராவது நான். எழுந்ததும் கிளார்க் அருகில் வந்து கடிகாரத்தைக் காட்டினார்.

"வாத்தியாரே, உங்களுது வேண்டாம். டைம் ஆச்சு. சர்ட்டிபிகேட்ட குடுத்துரலாம்."

"எட்டே பாட்டுத்தான் சார்."

பெண்கள் பக்கம் பார்த்தேன். என் மனைவி தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று ஆட்டினாள், தெளிவாகவே தெரிந்தது. பத்துப் பேர் படித்திருக்கிறார்கள், பத்தும் குப்பை, நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டுமா என்று எனக்குள் ஒன்று எழும்பியது. தொண்டையைச் செருமி ஆரம்பித்துவிட்டேன். மண்டபத்தில் பாதிப் பேர் விசிறிக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் பாட்டின் நடுவில் அதிகாரி இடுப்பு பிடித்துக்கொண்டதாலோ என்னவோ நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆர்மோனியக்காரரும் அரைத்தூக்கத்தில் இருந்தார். அதிகாரி எழுந்துவிட்டார், விழா முடிந்துவிட்டது என்று நினைத்து, கடைசியில் வாசிக்க வேண்டிய இங்கிலாந்து அரசர் வாழ்த்தை வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

அரசர் வாழ்த்து தொடங்கினால் யாரும் உட்காரக் கூடாது, பேசக் கூடாது, நடுவில் நிறுத்தவும் கூடாது. எல்லோரும் விறைப்பாக நின்றோம். ஐந்தாம் பாட்டு பாதியில் என் வாயிலேயே நின்றது. வாழ்த்து முடிந்ததும் அதிகாரி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். பத்துச் சட்டங்களை அவருடைய காரில் ஏற்றினார்கள். கார் போய்விட்டது. நாடா அவிழ்க்காத கட்டோடு கிளார்க் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாரும் ஸ்டேஷனுக்கு வாங்க! அவர் கையாலேயே வாங்கிடலாம்!" என்று கத்திவிட்டு ஒரு ரிக்‌ஷாவில் தாவினார்.

பதினோரு வாத்தியார்கள் கோட்டும் தலைப்பாகையுமாக பிரிக்பீல்ட்ஸ் தெருவில் ஓடியதைப் பார்த்தவர்கள் பிறகு ஒரு வாரம் பேசியிருப்பார்கள். ஒரு துணி வெளுப்பவர் வேலையை விட்டுவிட்டு, "எங்கண்ணே தீ?" என்று எங்களோடு கொஞ்ச தூரம் ஓடிவந்தார். பத்துப் பேரும் வெறுங்கையாக ஓடினார்கள். என் கையில் மட்டும் கண்ணாடி. உடைந்துவிடுமே என்று நான் நடையும் ஓட்டமுமாகப் போனேன். என் மனைவி செருப்பை ஒரு கையிலும் தூக்கை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

நான் பிளாட்பாரத்துக்குள் நுழைந்தபோது அதிகாரி முதல் வகுப்பு ஜன்னலில் உட்கார்ந்து, கிளார்க் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுச் சான்றிதழ் வழங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தார்கள். போர்ட்டர்கள் கைதட்டினார்கள். பந்திங் வாத்தியார் வாங்கியதும் ரயில் கார்டு விசில் ஊதினார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். அதிகாரி என் சான்றிதழை ஜன்னல் வழியாக நீட்டினார். என் இரண்டு கையிலும் சட்டம் இருந்தது.

அதை நான் கீழே வைக்கவில்லை. இரண்டு கையாலும் அவரை நோக்கி நீட்டினேன். அவர் நம் மரியாதையெல்லாம் தெரிந்தவர். கொடுப்பதை இரண்டு கையாலும் வாங்க வேண்டும் என்பதற்காக, என் சான்றிதழை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சட்டத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தங்கக் கரையைப் பார்த்தார். "ரொம்ப அழகு," என்று தமிழில் சொன்னார். நான் கும்பிட்டேன். ரயில் நகர்ந்தது.

பிளாட்பாரத்தின் கடைசிவரை ஓடினேன். வளைவில் ரயில் திரும்பும்போது அவருக்கு நினைவு வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளைத்தாளை ஆட்டிக்கொண்டே போனார். திரும்பிப் பார்த்தால் பத்துப் பேரும் பத்துத் தாளோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். கிளார்க் ஒரு துண்டுத்தாளில் நான் தேறியது உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கிள்ளான் ரயிலில் அவள் தூக்கைத் திறந்து எனக்குப் புளிச்சோறு கொடுத்தாள். நான் ஒரு வாயோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். தூக்கை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க அதக் கீழ வைக்கல?"

"எழுத்து இருக்கே அதுல. எச்சில் துப்பின தரை. எழுத்தக் கொண்டுபோய் அங்க எப்படி வைக்கிறது?"

வகுப்பில் புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள நான்தானே பிள்ளைகளுக்கும் அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

"அதுவும் சரிதான்," என்றாள். பிறகு, "கீழ வைங்க, கீழ வைங்கன்னு நான் கத்தினேனே. காதுல விழலையா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஒரே சத்தம்."

திங்கட்கிழமை காலை துரை துண்டுத்தாளைப் பார்த்தார். "இது காயிதம் இல்லே," என்று திருப்பிக் கொடுத்தார். அவர் மேசைமேல் பந்திங் வாத்தியாரின் சான்றிதழ் ஏற்கனவே இருந்தது. பந்திங் வாத்தியார் எனக்காகப் பேசினார், அதையும் சொல்ல வேண்டும். "இவரும் பாஸ்தான் தொரை, எனக்கு மேல மார்க்கு," என்றார். துரை காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் அவர் கப்பல் ஏறிவிட்டார். நாங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் பக்கத்து லயத்துக்குக் குடிபோனோம்.

நான் ஸ்டோரில் ரப்பர் பால் நிறுத்தேன். சம்பளம் போதவில்லை, அவள் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போனாள். இருட்டோடு எழுந்து போனால் பால் ஊற்றித் திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். புது வாத்தியார் நல்லவர் என்று சொன்னேனே, "உங்க வீட்டுக்காரம்மா எப்ப வேணாலும் வந்து உக்காரட்டும்," என்று சொல்லியனுப்பினார். இரண்டு நாள் போனாள். இரண்டாம் நாள் சிலேட்டின் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். பிள்ளைகள் பள்ளி விட்டுப் போன பிறகு அவரே எழுப்பி அனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு போகவில்லை. இரண்டாம் புத்தகம் லயத்துக் கூரையில் செருகியிருந்தது, மழையில் நனைந்து போனது.

சான்றிதழ் இரண்டு மாதம் கழித்துத் தபாலில் வந்தது. மடிப்புக்கூட இல்லாமல், அட்டைக்குள் வைத்து, அந்த அதிகாரி பத்திரமாக அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கடிதம். என் வாழ்த்துப்பாவைத் தன் ஆபீஸ் சுவரில் மாட்டியிருப்பதாக எழுதியிருந்தார். அந்தச் சான்றிதழை வைத்து எனக்குக் கிள்ளானில் வேலை கிடைக்க மூன்று வருஷம் ஆனது. அதற்குள் அவள் கை காய்த்துவிட்டது. கிள்ளானுக்கு வந்ததும், இப்போதாவது தொடங்கலாமே என்று புத்தகம் வாங்கிவந்தேன். "இனி என்னத்துக்குங்க," என்று அதை அலமாரியில் வைத்துவிட்டாள்.

அக்காள் கடுதாசிகளைக் கடைசிவரை நான்தான் படித்துச் சொன்னேன். புருஷன் அடிப்பதைப் பற்றி அக்காள் எழுதியிருந்த இடத்தை நான் அவசர அவசரமாகப் படிப்பேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆண்பிள்ளை வாயால் அதைக் கேட்க அவளுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறைகூட அவள் என்னைக் குற்றம் சொன்னதில்லை. அதைவிட மோசம், பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். பக்கத்து வீட்டுப் பெண்களிடம், "வேலையே போச்சு, ஆனா எழுத்தத் தரையில வைக்க மாட்டேன்னுட்டாரு எங்க வீட்டுக்காரரு," என்பாள். கேட்டவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிடுவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன், அதை அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சில வருஷங்களுக்கு முன் குடியுரிமைத் தாள் வாங்க அவளை ஆபீசுக்கு அழைத்துப்போனேன். அங்கிருந்தவர் பேனாவை நீட்டினார். அவள் சிரித்துக்கொண்டே கட்டைவிரலைக் காட்டினாள். "வாத்தியார் வீட்டம்மாவுக்குக் கைநாட்டா!" என்று அவர் கேலி செய்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். மை துடைத்த விரலோடு வந்து, "என்னங்க, மயக்கமா?" என்று கேட்டாள். வெயில் என்றேன்.

அன்று பிளாட்பாரத்தில் அவள் கத்தியது என் காதில் விழுந்தது. கீழ வைங்க என்று இரண்டு தடவை சொன்னாள், இரண்டும் கேட்டது. எழுத்தைத் தரையில் வைக்கக் கூடாது என்ற எண்ணம் அந்த நேரத்தில் என் மனதில் இல்லவே இல்லை, அது கிள்ளான் ரயிலில் வாயில் வந்தது. அந்த வெள்ளைக்காரர் என் பாட்டை வாங்கிப் பார்க்க வேண்டும், மற்றப் பத்தோடு என்னுடையதும் போய்ச் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது. சான்றிதழ், பள்ளி, அவளுடைய பெஞ்சு எல்லாம் தெரிந்துதான் நீட்டினேன். இதை இத்தனை வருஷம் அவளிடம் சொல்லவில்லை. இப்போதும் அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். என்ன எழுதுறீங்க என்று கேட்டாள், பழைய விழாக்களைப் பற்றி என்றேன். இதை எழுதும் துணிச்சல் எனக்கு வந்ததே, அவளால் இதைப் படிக்க முடியாது என்பதால்தான்.